பதினாலாம் கூடு

படிவத்தில் பதின்மூன்று கூடுகள் நிரம்பிவிட்டன.
கட்டிய ஆண்டு: 1924.
சுவர்: செங்கல், சுண்ணாம்பு, பதினெட்டு அங்குலம்.
கூரை: கள்ளிக்கோட்டை ஓடு, மேற்கில் தகரம்.
உரிமை: தனியார். மிஞ்சிய உறுப்பினர் ஏழு பேர்,
அதில் இரண்டு பேர் மெல்பேர்னில்.

வவுனியாவில், குளக்கட்டுக்குக் கீழே நிற்கிறது கிளப்.
நீர்ப்பாசன இஞ்சினியர்மார், றெயில்வேக்காரர்,
ஒரு நீதவான், இரண்டு அப்போதிக்கரிமார்:
தலைவர்கள் எல்லாரும் பலகையில், பொன்னெழுத்தில்.
வெறுங்காலோடு படி ஏறக்கூடாது
என்பது நாலாம் விதி.
அது சட்டம் போட்டுச் சுவரில் இன்னும் தொங்குகிறது.

செயலாளர் அமிர்தநாயகம் சொன்னார்:
"வௌவால் எச்சம் அள்ளவே மாசம் ஆறாயிரம், பிள்ளை.
சுப்பர் மார்க்கெட்காரன் ஒன்பது கோடி தாறான்.
பாதுகாக்கிறதெண்டால்
அரசாங்கம் வௌவாலையும் சேர்த்துப் பொறுப்பெடுக்கட்டும்."
பகிடிதான். ஆனால் அவர் சிரிக்கவில்லை.

மனுப் போட்டவர் கட்டடக் கலைஞர் நிறஞ்சினி.
சாளர வளைவைத் தடவியபடி
"இந்தப் பக்கத்தில் இப்படி இன்னொன்று மிஞ்சவில்லை" என்றார்.
மற்றதெல்லாம் விழுந்த பிறகு
நிற்பது எதுவும் அழகாய்த்தான் தெரியும்
என்று குறிப்பேட்டில் எழுதி
வெட்டிவிட்டேன். வளைவு உண்மையிலேயே அழகு.

சைக்கிள் கடை யோகலிங்கம் வேலிக்கு அப்பால் நின்று கேட்டார்:
"தொல்பொருள் பலகை நடுவினமோ?
பலகை முதல் ஒரு மூலைக்குத்தான் வரும், தங்கச்சி.
பிறகு கயிறு பிடிக்க வருவினம்.
என்ர மச்சானின்ர வயல் அப்பிடித்தான் போனது."
இது வேறு பிரிவு, தனிக் கட்டடத்துக்கு மட்டும்
என்று சட்டத்தை எடுத்துச் சொன்னேன்.
அவர் ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கி
குமிழ் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக பிலியட்ஸ் அறை.
மேசை இல்லை. எட்டுக் கால்கள் நின்ற பள்ளம்.
புள்ளிப் பலகையைக் கழற்றச் சொன்னேன்,
ஈரம் பார்க்க.

பின்னால், பென்சில்.

97 ஆனி. ஓமந்தை, நாலு தலை.
புளியங்குளம், ஏழு தலை, ஒண்டு கைக்குழந்தை.
கனகராயன்குளம் – பாஸ் முடியுது 14.
மா எடுத்தாச்சு. பருப்பு இல்லை.
தவமலர், ஆம்பிளைப் பிள்ளை, விடிய 3.10.
லாம்பெண்ணெய் கடன்: மூண்டு போத்தல்
(யாருக்கு என்று இல்லை)

முப்பத்தொரு குடும்பம். எண்ணினேன்.
அவர்களில் எத்தனை பேருக்குச் செருப்பு இருந்ததோ.

"ஓமோம், பூட்டை உடைச்சுத்தான் வந்தவை,"
என்றார் அமிர்தநாயகம்.
"மேசையைப் பிளந்து அடுப்பெரிச்சவை. பர்மாத் தேக்கு."
கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார்.
"இதை நான் கண்டதில்லை."

நிறஞ்சினியிடம் கேட்டேன்.
அவர் பொய் சொல்லத் தெரியாதவர்.
வர்த்தமானியில் வந்தால் கட்டடம்
முதல் நிலைக்குத் திரும்ப வேண்டும்,
1924இன் சுண்ணாம்பு, 1924இன் நிறம்.
அதற்குப் பிறகு வந்தது எல்லாம்
"பிற்காலச் சேதம்" என்ற தலைப்பில் வரும்.
பென்சிலுமா?
பென்சிலும்தான், என்றார். குரல் இறங்கிப்போயிற்று.

நாளை பத்து மணிக்குக் கச்சேரியில் கூட்டம்.
இடித்தால் அந்தச் சுவருக்கு ஒரு காலைநேரம் போதும்.
காப்பாற்றினால்
தூரிகையோடு, மிகுந்த கவனத்தோடு, மெல்ல அழிப்பார்கள்.

பதினாலாம் கூடு: வேறு குறிப்புகள்.
இரண்டு அங்குல உயரம்.
தவமலர் வரைக்கும்தான் இடம் இருந்தது.
பின்பக்கத்தில் எழுதக்கூடாது என்று அச்சடித்திருந்தார்கள்;
பின்பக்கத்தில் எழுதினேன், லாம்பெண்ணெய்க் கடன் ஈறாக.
அடியில்: மேற்படி சுவரைத் தொடாதவிடத்து மட்டும்.

அப்படி ஒரு நிபந்தனைக்கு இந்தப் படிவத்தில் பெறுமதி இல்லை.
தெரியும்.

பரிந்துரை: ஆம் / இல்லை. பொருந்தாததை வெட்டுக.

இல்லை என்பதை வெட்டினேன்.
கோடு நேராக வரவில்லை.

காலையில் முன் சில்லுக்குக் காற்றடிக்க வேண்டும்.
வழியில் கடை ஒன்றுதான்.
என்ன எழுதினது, தங்கச்சி, என்று
அவர் கேட்பார்.